தேசிக்காயும் சனிக்கிழமையும்

கிழமை முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன் நான். சனிக்கிழமைகளில், மனைவியின் தம்பி மெல்பேர்னில் ஓட்டும் பழைய ரேஸ் காருக்குச் சில்லு பூட்ட வேண்டும். சம்பளமும் இல்லை, நித்திரையும் இல்லை.

ஒரு சனிக்கிழமை, அன்றைய ஓட்டத்தை முடிக்காவிட்டால் காரை விற்றுவிடுவதாக அவன் அக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருந்தான். அவன் முடிக்கவே கூடாது என்று நான் விரும்பினேன்.

மனைவி எங்கள் வளவு மரத்தில் பறித்த தேசிக்காய்களை நான்கு சில்லுக்கும் கீழே வைத்தாள். கார் அவற்றை நசுக்கிக்கொண்டு நீள்வட்ட மண் தடத்துக்குள் போனது.

"நீங்களும் ஒருக்காக் கும்பிடுங்கோவன்."

"நான் கும்பிட்டா வேற மாதிரி நடக்கும்."

இரண்டாம் சுற்றிலேயே ஒருவன் பக்கவாட்டில் இடித்தான். முன்சில்லு கோணிவிட்டது. இனிச் சனிக்கிழமைகளில் படுக்கலாம் என்று நினைத்தேன். மச்சான் விடவில்லை. மற்றவர்கள் எல்லாரும் முடித்த பிறகு, சில்லு ஆட ஆட ஊர்ந்து வந்து, கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினான்.

"அத்தான், முடிச்சிட்டன். பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான்."

"வாற சனிக்கு இந்தச் சில்லை மாத்தவேணும்."

மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள். எனக்கு வளவில் நிற்கும் தேசி மரத்தை வெட்ட வேண்டும் போலிருந்தது.