பின்சீட்டைக் கழற்றிய ஞாயிறு

வடக்கே ஔந்து என்ற ஊரில் இருந்தபோது பழைய ஜப்பானிய டர்போ கார் ஒன்று வைத்திருந்தேன். புது உதிரிபாகம் வாங்கக் கட்டுப்படியாகாது. அருகிலிருந்த கசார்வாடிப் பட்டறைகளில் பழையதைத் தேடிப்பிடித்து நானே மாட்டுவேன். எடை குறைந்தால் இன்னும் சீறும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பிய மகள் காருக்குள் எட்டிப் பார்த்தாள். முன்சீட்டில், அலுவலகம் போக என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, மேரா சீட் எங்க? என் சீட்டக் காணோமே?”

“இனிமே ஸ்கூல் வேன்ல போடா கண்ணு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இருப்பாங்க.”

அவள் அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனக்கு மனம் கேட்கவில்லை. சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டுக் கூப்பிட்டேன்.

“வேணாம்ப்பா, வேன்லயே போறேன்,” என்றாள்.

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்த காலைகளை நானே இழந்துவிட்டேன்.