நல்ல வண்டி என்று சொல்லிவிட்டேன்

இன்று காலை அவனியாபுரம் பட்டறையில் நாங்கள் மூன்று பேர் வழக்கம்போல அவரவர் காரைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

"யுத்தத்துல பெட்ரோல் கிடைக்காட்டி என்ன மாப்ள? பின்னால அடுப்பு மாட்டி, என் வண்டி கரிப்புகையிலயே கொட்டாம்பட்டி போயிட்டு வந்துருச்சு" என்றார் காதர் அண்ணன்.

"என் வண்டியில ஒரு சத்தம் கேக்காதுண்ணே" என்றான் சுந்தரம்.

அப்போதுதான் யுத்தத்துக்காக ஊரார் வண்டிகளைச் சர்க்காருக்கு எடுத்துக்கொள்ளும் அதிகாரி உள்ளே வந்தார். நல்ல வண்டியாகப் பார்த்து இன்றே கொண்டுபோவாராம்.

"என் வண்டி மேடு ஏறாதுங்க" என்றார் காதர் அண்ணன்.

"என் வண்டியில பிரேக்கே பிடிக்காதுங்க" என்றான் சுந்தரம்.

அதிகாரி என்னைப் பார்த்தார். வைகை வெள்ளத்தில் புரண்டு கிடந்த வண்டியை வாங்கி, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி, என் கையாலேயே பூட்டி ஓடவைத்தவன் நான். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நல்ல வண்டிங்க. வழியில எங்கயும் ரிப்பேராகி நிக்காது" என்று வந்துவிட்டது.

சாவியை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் வீடு திரும்பி நடந்ததைச் சொன்னேன். "நாளைக்கு அப்பாவ ஆஸ்பத்திரிக்கு எதுல கூட்டிட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

நீங்களாக இருந்தால், உங்கள் கையால் கட்டிய வண்டியை ஓட்டை என்று சொல்லியிருப்பீர்களா? எப்படிச் சொல்வது என்றாவது சொல்லுங்கள்.