கச்சான் காற்றின் அந்தப் பக்கம்

கச்சான் காற்றை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து வயல் வட்டைகளைக் கடந்து அது வீசத் தொடங்கினால் எங்கள் படுவான்கரையில் மனிதர் இருக்க ஏலாது. கதவு அடித்துச் சாத்தும், உதடு வெடிக்கும், மூடாமல் வைத்த சோற்றில் மண் விழும். வாவித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அடுப்படிக்குள் இருப்பதுபோல வேகுவோம். காற்று என்றால் குளிர வேண்டாமா? இது என்ன கேடுகெட்ட காற்று என்று தினமும் வாய்விட்டே கேட்பேன்.

அந்த வருடம் மகளுக்கு வறட்சியில் மூக்கால் இரத்தம் வரத் தொடங்கியது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும், மலைநாட்டில் ஹற்றன் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்கா வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டோம். இங்கே பலர் செய்கிற காரியம்தான். கச்சான் இறுகினால், மலையில் யாராவது சொந்தக்காரர் இருந்தால், பிள்ளைகளை அங்கே ஏற்றிவிடுவார்கள். அக்கா கம்பளிச் சட்டை போட்ட மகளின் படத்தை அனுப்பினாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் பின்னேரம் அக்கா போனில் பேசினாள். மழை விட்டபாடில்லை, சமைக்கிற குசினிக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் கசிந்து உள்ளே வருகிறது, துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது என்றாள். ஒரு வாளி மழையை இங்கே அனுப்பிவிடுங்கள் என்று நான் பகிடி விட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். மறுநாள் காலை ரியூசன் கொட்டிலில் காற்றுப் பாடம். கூரைத் தகரம் தடதடவென்று அடித்தது. அதற்கு மேலால் கத்திக்கொண்டே கரும்பலகையில் ஒரு மலையை வரைந்தேன். இடது பக்கம் கடல். அங்கிருந்து ஈரக்காற்று வருகிறது. மலை மறித்தால் மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வழியில்லை. ஏற ஏறக் குளிர்ந்துபோகும். குளிர்ந்தால், சுமந்துவந்த நீராவி முகிலாகி மழையாகக் கொட்டிவிடும். ஈரத்தை இழந்த காற்று உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது மேலே இருக்கும் காற்றின் பாரம் அதை நெருக்கும். நெருக்க நெருக்கச் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுகிறதே, அப்படி. அதுதான் நம்முடைய கச்சான்.

வருடாவருடம் சொல்கிற பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மலையின் இடப்பக்கச் சரிவில் மழைக்கோடுகளைக் கீறிக்கொண்டே, இங்கே காற்று இறுக இறுக அங்கே மழையும் இறுகும் என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

வெண்கட்டி நின்ற இடத்தில்தான் அக்காவின் வீடு. தலைக்கு மேலே தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த இதே காற்று, என் பிள்ளை படுத்த வீட்டுக்கு மேலே மழையைக் கொட்டிவிட்டு வந்த காற்று. பலகையில் கீறுகிற மலை வேறு, அக்கா இருக்கிற மலை வேறு என்றே இத்தனை காலமும் என் மண்டை வைத்திருந்திருக்கிறது. செம்மண் தண்ணீர் என்று அவள் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது. மேடு ஊறி உள்ளுக்குள் கரைகிறது. பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

"அக்கா, புள்ளையையும் கூட்டிக்கொண்டு இப்பவே வெளிக்கிடுங்க. அந்த மேடு இறங்கப்போகுது."

"உனக்கென்னகா விசர்? இந்த மழைக்குள்ள எங்க போற?"

எனக்குப் பொறுக்கவில்லை. "கோயிலுக்குப் போ, பள்ளிக்கூடத்துக்குப் போ, எங்கயாவது போ! அந்த வீட்டுக்குள்ள இனி ஒரு நிமிசம் நிண்டா என்ர முகத்தில முழிக்காத!"

அக்காவை நான் போ என்று ஒருமையில் சொன்னது அன்றைக்குத்தான். பக்கத்தில் மகளின் குரல் கேட்டது. அதோடு இணைப்பு அறுந்தது. அதன்பிறகு எத்தனை தடவை எடுத்தும் போன் போகவில்லை.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் காற்று உரத்து வீச, அங்கே இன்னும் கொட்டுகிறது, இன்னும் கொட்டுகிறது என்றே எனக்குக் கேட்டது. மரத்தில் ஓர் இலை அசையாமல் நின்றால் போதும் என்று கும்பிட்டேன். புழுங்கிச் செத்தாலும் பரவாயில்லை, நின்றுவிடு என்று காற்றிடம் கெஞ்சினேன். என் கணவர் பக்கத்தில் வந்து குந்தி, ஒன்றும் ஆகாது என்றார். உங்களுக்கென்ன தெரியும் என்று அவரையும் திட்டினேன்.

பொழுது சாயும் நேரத்தில் யாருடையதோ ஒரு போனிலிருந்து அத்தான் பேசினார். வேலைக்குப் போன இடத்தில் கேள்விப்பட்டு ஓடிவந்திருக்கிறார். மேடு சரிந்து குசினியும் பின் அறையும் மண்ணுக்குள் போய்விட்டன. மகளும் அக்காவும் கோயில் மண்டபத்தில் இருக்கிறார்கள், ஒரு கீறலும் இல்லை. நான் மணலில் அப்படியே சரிந்து, வாய்விட்டு அழுதேன்.

பாதை திறந்ததும் அக்காவே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையோடு கொண்டுவந்தது ஒரு பை ஈர உடுப்பு. அதைக் கொடியில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கச்சான் எல்லாவற்றையும் காயவைத்துவிட்டது. உடுப்பை எடுக்கப் போன அக்கா, கொடியடியில் நின்று என் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"கோயிலுக்குப் போற பாதி வழியில, சோறு அடுப்பில எரியுதெண்டு ஞாபகம் வந்திட்டு. அடுப்ப நூத்திட்டு வாறன் எண்டு திரும்பினன். உன்ர மகள் என்ர இடுப்பக் கட்டிப் புடிச்சிட்டாள். அம்மா ஏசுவா பெரியம்மா, அம்மா ஏசுவா எண்டு ஒரே கத்தல். குசினி விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கைய விட்டவள்."