நாற்பத்தொரு கசெற்றுகளும் என் எரிச்சலும்

கசெற்றில் இருக்கிற குரலைக் கொம்பியூட்டருக்கு மாற்றுகிற தொழிலில் அவசரப்பட வழியில்லை; ஒருவர் ஒரு மணித்தியாலம் பேசியிருந்தால் ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டுத்தான் ஆகவேண்டும். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், லூயி-பிளாங் தெருவில், ஒரு ரெலிபோன் கடையின் பின்பாதியில் இருந்து இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறேன். கலியாணவீடு, பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் என் மேசைக்கு வந்துதான் பென்டிரைவுக்குள் போகும். உங்கள் வீட்டு அலுமாரியிலும் "ஒருநாளைக்கு மாத்தவேணும்" என்று ஒரு பை கிடக்கும். ஆகவே நீங்களும் என்னைப்போல அவதிப்படுகிற ஆட்கள்தான், உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. போன வருஷம் எட்டு மாதம் நான் ஒரு ருமேனியக் கிழவியில் எரிச்சல்பட்டுக்கொண்டே, பச்சையாகச் சொன்னால் பொறாமைப்பட்டுக்கொண்டே, வேலை செய்தேன்.

சில்லு வைத்த பை

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை, மரக்கறி வாங்கப் போகிற சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு வந்தார். எண்பத்தி மூன்று வயது. குடும்பப் பெயரை நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், மூன்றும் பிழை. "வியோரிக்கா போதும்" என்றார். நான் மரியாதைக்கு மதாம் வியோரிக்கா ஆக்கினேன். பைக்குள் நாற்பத்தொரு கசெற். ருமேனியாவில் ஒரே கட்சி, ஒரே தலைவர் என்று இருந்த காலத்தில் சிறைக்குப் போனவர்கள், விசாரணைக்குப் போனவர்கள், வாய்க்கால் வெட்டுகிற முகாமில் மண் சுமந்தவர்கள். அந்த ஆட்சி விழுந்த பிறகு, இவர் பாரிஸிலும் புக்கரெஸ்டிலும் வீடு வீடாகப் போய் அவர்களை இருத்திக் கதை கேட்டுப் பதிந்திருக்கிறார். சிலர் பிரெஞ்சில், மற்றவர்கள் ருமேனிய மொழியில்.

கூடவே ஒரு கொப்பி. நம்பர், பெயர், பிறந்த ஊர், எந்தச் சிறை, எத்தனை வருஷம், எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் எரிச்சல் வந்தது. எங்கள் ஆட்கள் கொண்டுவருகிற கசெற்றில் "ராசன் வீடு, 2" என்று இருக்கும். எந்த ராசன், எந்த வீடு, முதலாவது எங்கே என்று கொண்டுவந்தவருக்கும் தெரியாது. பெரிய ஸ்டூடியோவுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். அவர்கள் மூன்று மாதம் கழித்து வரச்சொன்னார்களாம். பேசின ஆட்களையே திரும்பக் கேட்க வைத்து, பெயர்களும் இடங்களும் சரியா என்று பார்க்கவேண்டும் என்றார். "நாற்பத்தொரு பேரில் உயிரோடு ஆறு பேர்தான் மிச்சம், மிசியே. உங்கள் வேலை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கே தொடங்குங்கள்."

எங்கள் அண்ணை ஒருவர்

அதே கிழமை பாரிஸுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்து ஒரு அண்ணை வந்தார். புதுவீட்டுக் குடிபூரல் வீடியோ. முதல் இருபது நிமிஷம் அவருடைய சித்தப்பா கதிரையில் இருந்து, சண்டைக்குள் இடம்பெயர்ந்து எத்தனை ஊர் மாறினார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பறையில் படுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். பின்னால் ஆட்கள் கோப்பை கழுவுகிற சத்தம். ஒருவரும் கேட்கவில்லை, கமரா மட்டும் கேட்கிறது. அந்தப் பக்கம் மதாம் வியோரிக்கா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இவருக்கு அந்தச் சித்தப்பாபோல ஒரு ஆள் கிடைத்திருந்தால் நம்பர் போட்டு, ஊர் எழுதி, அண்ணையையும் திரும்பக் கேட்க வைத்திருப்பார் என்று யோசித்தேன். எங்களுக்கு ஏன் இப்படி ஒருத்தி வாய்க்கவில்லை?

அண்ணை சொன்னது இதுதான்: "அந்தாள் கதைக்கிறதை வெட்டிப்போட்டு, பிள்ளையள் ஆடுறதை மட்டும் விடுங்கோ, செத்து எட்டு வருஷமாச்சு, இனி ஆரும் கோவிக்கமாட்டினம்."

டக், டக்

ஒன்பதாம் நம்பர் கசெற்றில் ஒரு பழுது. கிழவர் ஒருவர் பேசிக்கொண்டே போகிறார், நடுவில் டக், டக் என்று ஒரு சத்தம். நின்று, திரும்ப டக், டக், டக். நாடா சுற்றுகிற சில்லு தேய்ந்தால் இப்படி வரும். என்னிடம் இரைச்சல் எடுக்கிற புரோகிராம் இருக்கிறது. இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டு அத்தனையையும் துடைத்து எடுத்தேன். குரல் கண்ணாடிமாதிரி வந்தது. பெருமையோடு ஹெட்போனை மதாமின் காதில் போட்டேன்.

அவர் முகம் மாறிக்கொண்டு போனது. மதாம் சொன்னார்: கிழவர் சிறையில் தனி அறையில் இருந்தவர். அங்கே பேசினால் அடி. சுவரில் தட்டித்தான் பேசுவார்களாம், இந்த எழுத்துக்கு இத்தனை தட்டு என்று. அடுத்த அறைக்காரனுக்குத் தான் முதன்முதலாகத் தட்டியதைக் கிழவர் மேசையில் தட்டிக் காட்டியிருக்கிறார். கசெற் கையில் இருந்தபடியால் திரும்ப ஏற்றினேன், ஒன்றும் தொலையவில்லை. ஆனால் இரண்டு நாள் நித்திரை இல்லை. அதற்குள்ளும் எனக்கு ஒரு எரிச்சல்: அவர்களுடைய தட்டுச் சத்தத்துக்குக்கூட அர்த்தம் சொல்ல ஒருவர் உயிரோடு இருக்கிறார். மதாம் கோபிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் துடைத்தது இரைச்சல் இல்லை, மிசியே. அது அவருடைய பெயர்."

தட்டச்சு மெஷின்

மதாமின் தங்கை மகன் பாரிஸில் லொறி ஓடுகிறவர். நாற்பது வயது இருக்கும். ஒருநாள் பையைத் தூக்க உதவிக்கு வந்தார். நான் விளங்கிக்கொள்ளட்டும் என்றோ என்னவோ, பிரெஞ்சில் பேசினார். "பெரியம்மா, இதையெல்லாம் ஏன் கட்டி அழுகிறீர்கள்? அந்தக் காலத்தில் எல்லாருக்கும் வேலை இருந்தது, வீடு இருந்தது. ஊரில் இப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்." மதாம் வாக்குவாதம் செய்யவில்லை. பதினேழாம் நம்பரைப் போடச் சொன்னார்.

ஒரு பெண்ணின் குரல். மதாம் எனக்கு மெதுவாகப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் பள்ளிக்கூடக் கந்தோரில் தட்டச்சு செய்தவர். வருஷத்துக்கு ஒருதரம் மெஷினைத் தூக்கிக்கொண்டு பொலிஸுக்குப் போகவேண்டும். ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தால், எழுத்து எப்படி விழுகிறது என்று வைத்துக்கொள்வார்கள். யாராவது அரசாங்கத்துக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் அடித்தால் மெஷினைப் பிடிக்கலாம், மெஷினைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம். ஒருநாள் அகப்பட்ட துண்டில் ஒரு எழுத்துச் சரிந்து விழுந்திருந்தது, இவருடைய மெஷினில் விழுவதுபோலவே. இரண்டு நாள் விசாரணை. துண்டு இவர் அடித்ததில்லை. ஆனாலும் வெளியே வரும்போது, பக்கத்து வீட்டுக்காரியை வேவு பார்த்து மாதம் ஒரு கடிதம் பொலிஸுக்குத் தருகிறேன் என்று கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வந்தாராம். குரல் உடைந்து உடைந்து வந்தது.

தங்கை மகன் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது, அது அவருடைய தாய். செத்து ஆறு வருஷம். செத்த தாயின் வாயால் இப்படி ஒரு உண்மையைக் கேட்கிறவனைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அது அம்மாவின் குரல் இல்லை. என் அம்மா அப்படிப் பயப்படுகிறவள் இல்லை."

ஒன்றுமில்லாத கசெற்

முப்பத்தி மூன்றாம் நம்பர் மதாமின் புருஷன். ஏழு வருஷம் சிறையில் இருந்தவர். எல்லாரிடமும் கதை வாங்கின மனிசி கடைசியில் சொந்தப் புருஷனிடமும் ரெக்கோடரை வைத்திருக்கிறார். கசெற்றில் மதாமின் குரல் ஒரு கேள்வி கேட்கும். பதில் வராது. தேத்தண்ணிக் கோப்பையில் கரண்டி படுகிற சத்தம் கேட்கும். கதிரை கிறீச்சிடும். ஒரு இருமல். அடுத்த கேள்வி. திரும்ப அதே. ஒரு மணித்தியாலமும் அப்படியே போனது. மதாம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார், நான் ஒலி அளவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எனக்கு இங்கே விசா இல்லாமல் இருந்த நாட்களில், அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து கடிதத்துக்குப் பதிலாக ஒரு கசெற்றில் பேசி, கொழும்புக்குப் போன ஆள் ஒருவரிடம் கொடுத்து, அங்கிருந்து எனக்கு அனுப்பினார். நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம், கசெற் தட்டுப்பாடு. ஒருதரம் கேட்டேன், பிறகு அதற்கு மேலேயே சினிமாப்பாட்டைப் பதிந்தேன். அப்பா செத்துப்போன செய்தி வந்தபிறகு அதைத் தேடி எடுத்து, இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு இருக்கிற எல்லா மெஷினிலும் போட்டுப் பார்த்தேன். பாட்டுத்தான் இருக்கிறது. இவருக்கோ புருஷனின் மூச்சு மட்டும் ஒரு மணித்தியாலம்! எரிச்சலை மறைக்கத் தொழில்காரன்போலப் பேசினேன்: சத்தமில்லாத இடங்களை வெட்டினால் ஐந்து நிமிஷத்துக்குள் அடங்கிவிடும், மதாம். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வெட்டாதீர்கள். அவர் எனக்குச் சொன்னது அவ்வளவுதான்."

பென்சில் எழுத்து

எல்லாம் முடிந்தபோது ஒரு பெரிய நூலகத்தில் இருந்து ஒரு பெண் வந்தார், கசெற்றுகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோக. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கினார். எட்டு மாதமாக நான் வெறுங்கையால் பிடித்தவை. என் பொருள் பறிபோகிறமாதிரி இருந்தது. சிறையில் இருந்தது நானில்லை, கதை கேட்டதும் நானில்லை, ஆனாலும் அந்தப் பெட்டி மூடுகிறபோது வயிறு எரிந்தது.

ஒரு கசெற்றைத் திருப்பியவர் நின்றுவிட்டார். ருமேனியப் பெயர்கள் என் வாயில் நிற்காதபடியால், பின்பக்கத்தில் பென்சிலால் தமிழில் குறித்திருந்தேன்: "இருமல்காரர்", "சுவரில் தட்டினவர்", "லொறிக்காரரின் தாய்". இது என்ன எழுத்து, அழித்துவிடலாமா என்று அந்தப் பெண் மதாமைக் கேட்டார். நான் வெட்கத்தில் றப்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். மதாம் கசெற்றை வாங்கிப் பெட்டிக்குள் தானே வைத்தார். "அழிக்கவேண்டாம். என்னைத் தவிர, எங்களை முழுக்க இருந்து கேட்டவர் இவர் ஒருவர்தான்."

என் மகள்

இனி உண்மையான எரிச்சலுக்கு வருகிறேன். என் மகள் நிவேதாவுக்கு இருபத்தாறு வயது, ஒபர்வில்லியேயில் ஒரு கந்தோரில் வேலை. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற பிள்ளை. வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், பிரெஞ்சில் பேசின ஒரு கசெற்றைக் கேட்டு அப்படியே நின்றாள். அடுத்த சனி லப்டொப்போடு வந்தாள். பிறகு சனிக்கிழமைகளில் மதாமின் வீட்டுக்கே போகத் தொடங்கினாள், பிரெஞ்சுக் கசெற்றுகளைத் தட்டச்சு செய்ய. இரவுச் சாப்பாட்டு மேசையில் முழுக்க ருமேனியாதான். பாண் ரொட்டிக்கு எத்தனை மணிக்கு வரிசையில் நின்றார்கள், வெளிநாட்டு வானொலியை எந்த அலுமாரிக்குள் வைத்துக் கேட்டார்கள். மதாமுக்குப் பிடித்த சூப் என்ன என்பதுகூட எங்களுக்குத் தெரியும்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன். என் மனிசி ஒருநாள் கேட்டேவிட்டா: "என்னப்பா, அந்த மனிசியில எரிச்சலோ உங்களுக்கு?" இல்லை என்றேன். ஓம் என்பதுதான் சரியான பதில். எந்தெந்தச் சோதனைச் சாவடியில் நான் நின்றேன், என் சிநேகிதன் எந்த வான் வண்டியில் பிடித்து ஏற்றப்பட்டான், அதற்குப் பிறகு ஏன் அவன் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை, ஒன்றும் இவளுக்குத் தெரியாது. ஊர் பேர் தெரியாத கிழவர்களுக்கு அழுகிற பிள்ளை, ஒரே வீட்டில் இருக்கிற தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டேன்: "உலகத்தில எல்லாரின்ரை கதையும் கேக்கிறாய். என்னட்டை மட்டும் ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?" அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். எழும்பிப்போய் அறைக்குள் இருந்து ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்தாள். பதின்மூன்று வயதில் எழுதியது. தாய் தகப்பனிடம் அவர்கள் பிரான்ஸுக்கு வந்த கதையைக் கேட்டு எழுது என்று ரீச்சர் கொடுத்த வேலை. பக்கம் நிறையக் கேள்விகள், அவளே சொந்தமாக எழுதியவை, பத்தொன்பது. பதிலுக்கு ஒரேயொரு வரி. அன்றைக்கு நான் வேலையால் களைத்து வந்து, இதெல்லாம் உனக்கு ஏன் என்று கேட்டது எனக்கும் மெல்ல நினைவு வந்தது. அவள் அபூர்வமாகத் தமிழிலேயே சொன்னாள்: "நான் கேட்டனான் பப்பா. 'அப்பா விமானத்தில வந்தவர் எண்டு எழுது, போதும்' எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

அந்தப் பத்தொன்பது கேள்விகளையும் இப்போது அவள் ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் பதிவைப் போட்டு முன்னால் வைத்துக் கேட்கிறாள். நாலு ஞாயிறு போய்விட்டது, நான் இன்னும் இரண்டாவது கேள்வியில்தான் நிற்கிறேன், ஆகவே சக அவதியாளர்களே, மற்றவர்களின் குரலை மாற்றுவது எவ்வளவு சுகமான தொழில் என்பதை இப்போதுதான் அறிந்துகொண்டிருக்கிறேன்.