ஹமீதா எழுதிய நான்கு பக்கங்கள்

நர்ஸ் ஹமீதாவின் அறிக்கையிலிருந்து நான்கு பக்கங்களை உருவிவிட்டு, மிச்சத்தை முழு அறிக்கை என்று நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உங்களிடம் வாசித்தவன் நான். செவ்வாய்க்கிழமை அவர் மகன் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து போன் செய்து, "அங்கிள், மம்மி பாஸ்டு அவே திஸ் மார்னிங்" என்றான். எனக்கு முதலில் என் மேசை இழுப்பறைதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன.

மலாவியில் நம் சங்கம் கட்டிய சுகாதார நிலையத்தால் ஊருக்கு என்ன பயன் என்று பார்த்துவர அவரை அனுப்பினோம். பதிவேட்டைப் பார்த்து எண்ணினால் போதும் என்றேன். சிரித்தார். "வந்தவங்களை எண்ண நான் எதுக்கு அண்ணே? வராதவங்க வீட்டுக்குல்ல போகணும்."

போனார், ஆற்றுக்கு அக்கரையில் வீடு வீடாக. மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் பெண்கள் வீட்டிலேயே பிரசவிக்கிறார்கள், ஒரு தாய் இறந்துபோனாள் என்று எழுதினார். நம் வேன் போய்வர வசதியாகச் சாலையோரத்தில் கட்டியது தவறு என்றும் எழுதினார். இவைதான் நான் உருவிய நான்கு பக்கங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். பள்ளிப் படிப்பை முடிக்காதவன். கட்டட வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றவன். சங்கத்துப் பட்டதாரிகளான நீங்கள் என் பேச்சை எத்தனை முறை பாதியில் வெட்டினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் முன் தலைகுனிய மனம் வரவில்லை. அந்தக் கட்டடத்தில் ஒரு விரிசல் கிடையாது, இன்றும் சொல்வேன். செத்த தாய்க்கு அதனால் என்ன?

ஆண்டுக் கூட்டத்தில் நீங்கள் கைதட்டினீர்கள். சாப்பாட்டு வரிசையில் ஹமீதா என் பின்னால் வந்து நின்றார். "என்ன அண்ணே, ரிப்போர்ட் டயட்ல இருக்கா? இளைச்சிருக்கே."

"டைம் இல்ல நர்சம்மா. அடுத்த வருஷம் வாசிக்கலாம்."

"மழை அதுக்கு முன்னாடியே வந்துடும் அண்ணே."

பிறகு அவர் செயலாளரிடம் முறையிடப் போனார். "அவங்களுக்கு வயசாச்சு, வேற ஏதோ ஊரோட குழப்பிக்கிறாங்க" என்று செயலாளரிடம் நான் முந்திக்கொண்டேன். நான் அதிகம் வெட்கப்படுவது இதற்குத்தான்.

பக்கங்களைத் திருப்பித் தருகிறேன். யார் வரவில்லை என்ற அவருடைய கேள்வியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் வேண்டாம். அந்த நான்கு பக்கங்களைச் செயலாளர் உரக்க வாசிக்க வேண்டும். நான் எழுந்து நின்று ஹமீதாவின் மகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நம் சங்கத்து டாக்டர்கள் அடுத்த மழைக்கு முன் அக்கரைக்குப் போய், பிரசவ அறை எங்கே வேண்டும் என்று அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும். இடத்தை அவர்கள்தான் காட்ட வேண்டும். அவர்கள் காட்டும் இடத்தில் நான் கட்ட வேண்டும்.