நெய்யில் ஏறிய மஞ்சள்

அப்பா தவறியபோது தாமரைச்செல்வியின் நாட்டு மருந்துக் கடை பூட்டிக் கிடந்தது. தேடி வந்தவர்களிடம் பக்கத்துக் கடை சாயிரா பானு, "கொஞ்சம் பொறுத்துக்கங்க, தெறந்துரும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவளும் அதே சரக்கு விற்கிறவள்தான். இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

தாமரைக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம், தன் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எல்லாரும் சாயிரா கடைக்குப் போவதுதான். மூட்டுவலிக்கு இவள் மஞ்சள்பொடியை மடித்துக் கொடுத்து, வெந்நீரில் கலக்கிக் குடிக்கச் சொல்வாள். சாயிரா பொடியில் மிளகு சேர்த்து, நெய்யில் கிளறி உருண்டையாகக் கொடுப்பாள். உருண்டைக்குத்தான் கிராக்கி. விளக்கேற்றும்போது தாமரை, "தாயே, அந்தக்கா நல்லா இருக்கட்டும். கூட்டம் மட்டும் கொறையட்டும்" என்று வேண்டிக்கொள்வாள்.

ஒரு நாள் மாமியார் ரெங்கம்மாளின் சேலையைத் துவைக்க எடுத்தாள். முந்தானையில் மஞ்சள் கறை. வீட்டுப் பொடியென்றால் உதறினால் உதிரும். இது நெய்ப் பிசுக்காக ஒட்டியிருந்தது.

"அத்தை, அங்க போயா வாங்குனீக?"

"முட்டிய மடக்க முடியுதுடி. என்னைய என்ன செய்யச் சொல்ற?"

தாமரை ஈரக்கையோடு சாயிரா கடைக்குப் போய் நின்றாள். "எம் மாமியாரையும் இழுத்துட்டீகளேக்கா."

சாயிரா கோபப்படவில்லை. "நான் எங்க இழுத்தேன்? பொடி ஒன் கடையோடதுதான். ஒங்கத்தை மடியில கட்டிக் கொண்டாந்தாக, நெய்யில கிளறிக் குடுத்தேன், அம்புட்டுத்தான். மஞ்சள் தண்ணியில கரையாதும்மா. ஒடம்புல ஒட்டாம வெளிய போயிரும். கொழுப்போட சேந்தாத்தான் ஒடம்புல ஏறும். என் தங்கச்சி மக ஆயிஷா மருந்துப் படிப்பு படிக்கிறாள்ல, அவுக காலேஜுலயும் மஞ்சளக் கொழுப்புத் துளிக்குள்ள வச்சுத்தான் சோதிச்சுப் பாக்குறாகளாம்."

தன் பொடிக்கு வலி கேட்டதே என்று சந்தோஷப்படுவதா, அடுத்தவள் கைபட்ட பிறகுதானே கேட்டது என்று பொருமுவதா? தாமரைக்கு வயிறுதான் எரிந்தது. வீம்புக்கு அதற்குப் பிறகும் வெந்நீர் என்றே சொல்லி விற்றாள்.

பிறகு சாயிராவின் மகன் அனீஸ் மேலூரில் கடை பிடித்தான்; சாயிராவும் இங்கே கடையைக் காலி செய்துகொண்டு கிளம்பினாள். சாமான் ஏற்றிய வண்டியருகே வாடிக்கைக்காரர் பால்பாண்டி நின்றார்.

"இந்தம்மா லேசுப்பட்ட ஆளில்ல தாமரை. ஒங்கப்பா தவறுனப்ப, நான் ஒன் வாடிக்கைன்னு எனக்கு மருந்து தரமாட்டேன்னுட்டாக. நீ கடை தெறக்குற வரைக்கும் முட்டியப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

விளக்கேற்றி வேண்டிய கூட்டக் குறைவு, சாமான் ஏற்றிய வண்டியாகக் கண்முன் நின்றது. தாமரைக்கு நிமிர்ந்து பார்க்கக் கூசியது. சாயிரா வண்டியில் ஏறி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"வாரேன் தாமரை. வர்றவுகளுக்கு ஒன் கடையத்தான் கைகாட்டிருக்கேன். நெய்யில மட்டும் கஞ்சத்தனம் பண்ணிராத. எம்பேரு கெட்டுப்போகும்."