நல்ல கைக்கு மாவுக்கட்டு

முத்துமீனாவுக்குக் கோபம் வந்தால் உசிலம்பட்டி பால் சொசைட்டியில் கேனோடு நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அங்கே பாலைச் சோதித்து அளக்கும் வேலை அவளுக்கு; தண்ணீர் கலந்த பாலை முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுக்கிறவள். அப்படிப்பட்டவளே ஒன்றரை வருஷம் ஏமாந்திருந்தாள்.

மகள் சரண்யாதேவி ஏழாம் மாதத்திலேயே எதையும் இடது கையால்தான் எடுத்தாள். வலது கை மூடியே கிடந்தது. "இடது கைப் பழக்கம்க்கா. சூட்டிகையா வருவா" என்றாள் ஊசி போட்ட நர்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். முத்துமீனாவும் சிரித்தாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைக்கு இரண்டு வயதானபோது மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பிறக்கும் சமயத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு, மூளையின் இடது பக்கத்தில், வலது கையை இயக்கும் பகுதி செத்துப்போயிருந்தது. ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தையும் இரண்டு கையாலும்தான் எடுக்கும், ஒரே கையை நீட்டினால் அப்போதே காட்டியிருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"செத்தது திரும்பாதும்மா. ஆனா சின்னப் புள்ள மூளை. மிச்சமிருக்குற பாகம் அந்த வேலையக் கத்துக்கும். வேலை குடுத்தாத்தான் கத்துக்கும்" என்ற டாக்டர், நல்ல கைக்கு மாவுக்கட்டுப் போட்டார். மூன்று வாரத்துக்கு வலது கைதான் எல்லாம் செய்ய வேண்டும்.

எட்டாம் நாள் முத்துமீனா வேலை முடிந்து வந்தபோது, நனைத்து வெட்டிய கட்டு வாசலில் கிடந்தது. புருஷன் விருமாண்டி பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தான்.

"புள்ள பசியில கத்துது. நீயெல்லாம் ஒரு ஆத்தாளா?"

"ஒன்றரை வருசத்த எல்லாருமாச் சேந்து தின்னீங்க. இந்த எட்டு நாளையும் தின்னுட்டியா?"

தட்டு முற்றத்தில் போய் விழுந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ் ஏறினாள். மறுபடியும் கட்டு, மறுபடியும் முதல் நாள்.

இந்தத் தடவை ஆத்திரம் பிள்ளைக்கு. பதினோராம் நாள் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவளை, "எடுத்துத் தின்னுடி" என்று அதட்டினாள் முத்துமீனா. சரண்யா வலது கையை ஓங்கி அம்மா கன்னத்தில் ஒன்று வைத்தாள். விரல்கள் மடங்கித்தான் இருந்தன. ஆனால் கை தானாக எழுந்து, குறி தப்பாமல் வந்திருந்தது.

"அடிடி. விரல விரிச்சு அடி" என்று மறு கன்னத்தைக் காட்டினாள் முத்துமீனா.

சரண்யாவுக்கு இப்போது ஒன்பது வயது. வாய் ஓயாது. வலது கையால் தட்டைப் பிடிப்பாள், கதவைத் தள்ளுவாள். சட்டைப் பித்தான் மட்டும் இன்னும் வசப்படவில்லை. முன்னாலேயே தொடங்கியிருந்தால் அதுவும் வந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டாள் முத்துமீனா. "சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலை அவளால் இன்னும் விழுங்க முடியவில்லை. பஸ்ஸில் யார் கைக்குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்தாலும், "ரெண்டு கையாலயும் எடுக்குதா, பாத்தியா?" என்று கேட்கிறாள். பார்க்கவில்லை என்றால், முன்பின் தெரியாதவள் என்றும் பார்க்காமல் திட்டுகிறாள்.